இரண்டரை அடி

எங்கள் வீட்டில் இதுவரை ஒரே ஒரு வரைபடம்தான் போடப்பட்டிருக்கிறது. அதைப் போட்டவள் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. வரைபடம் வீட்டுக்கு அல்ல, லாரிக்கு. வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. அதில் எங்கள் யோசனையை யாரும் கேட்கவில்லை. எங்கள் இஷ்டப்படி கட்டிக்கொள்ளக் கிடைத்தது அந்தச் சின்ன லாரி ஒன்றுதான். அதைத்தான் நான் கெடுத்தேன்.

காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் பின்னால், ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தோம். நைனா மீன் வண்டி ஓட்டினார். வண்டி வேறொருவருடையது. அம்மா விடிவதற்குள் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, ஐஸ் போட்டு வைத்து, சாயங்காலம் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போவாள். நைனாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமே தவிர விலை பேசத் தெரியாது. வாங்குகிறவன் சொல்வதுதான் விலை என்று நம்பிவிடுகிற மனிதர். அதனால் அம்மாவும் கூடப் போயாக வேண்டும். அங்கே அவள் பெட்டி பெட்டியாகக் கைமாற்றிவிடுவாள். தராசில் நிறுத்து, அரிந்து, பையில் போட்டுக் கொடுக்கிற சில்லறை வியாபாரம் அவளுக்கு இல்லை. வாரத்துக்கு மூன்று நடை. போக ஏழெட்டு மணி நேரம், வர ஏழெட்டு மணி நேரம், நடுவில் மார்க்கெட்டில் அரை நாள், கண்ணயர்வதெல்லாம் டிரைவர் பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே. அவள் கையோடு போவது ஒரு ஒயர் கூடை. அதில் மாற்றுச் சேலை, துண்டு, தண்ணீர் பாட்டில், பழைய துணியில் சுற்றிய ஒரு மீன் கத்தி. மீன்காரியின் கூடையில் கத்தி இருப்பதில் எனக்கு அதிசயம் ஒன்றும் தெரியவில்லை.

அந்த நாட்களில் என்னைப் பார்த்துக்கொண்டது நைனாவின் தங்கை. அத்தையின் வீடு எங்களுக்கு அடுத்த வீடு. நான் ராயபுரத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தேன். வீட்டில் நைனாவாக இருந்தவர் பள்ளிக்கூடத்துக்குள் போனதும் டாடி ஆகிவிடுவார். என்ன தொழில் என்று டீச்சர் கேட்டபோது 'டிரான்ஸ்போர்ட்' என்றேன். பொய் இல்லைதானே? அப்படித்தான் அந்த வயதில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் ஆறாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் நைனாவும் அம்மாவும் சொந்தமாக ஒரு பழைய சின்ன லாரி வாங்கினார்கள். இன்ஜினும் கேபினும் நல்லபடியாக இருந்தன. பின்னால் இருந்த பெட்டி மட்டும் உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக பாடி கட்ட வேண்டும். திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகிற சாலையில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு பட்டறையில் பேசி முடித்தார்கள். சித்திரை பிறந்துவிட்டால் இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. தடைக்காலம். அது முடிந்து படகுகள் கரை திரும்புகிற அன்றைக்கு வண்டி தயாராக நிற்க வேண்டும். அதுதான் திட்டம்.

திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. கேபினுக்கும் மீன் பெட்டிக்கும் நடுவில், வண்டியின் குறுக்கே ஒரு படுக்கை. அம்மா படுக்க.

பட்டறை மேஸ்திரி ஒரு மாதிரி ஆள். யாரோ எப்போதோ கட்டி முடித்த பிறகு 'நான் இப்படிச் சொல்லவேயில்லை' என்று சண்டை போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அவர் வாய்ச்சொல்லை வாங்கிக்கொள்வதே இல்லை.

"வாயால சொல்றதெல்லாம் காத்தோட பூடும் நைனா. பேப்பர்ல அளவு போட்டு, கீய கையெய்த்து வெச்சிக் குடு. அத செவுத்துல ஒட்டிடுவேன். பசங்க அதப் பாத்துதான் வெட்டுவானுங்க."

பேப்பரில் போட நைனாவுக்குத் தெரியாது. தரையில் போடத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சேலத்திலிருந்து வந்து குளித்த கையோடு, என் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு வண்டியை வீட்டுக்குள்ளேயே வரைய ஆரம்பித்துவிட்டார். உண்மையான அளவில்.

எங்கள் வீடு ஒற்றை அறை. லாரியோ அதைவிடப் பெரிது. நல்லவேளையாக எங்களுடையது கோடி வீடு. வாசலைத் திறந்தால் நடை நேராக நீளும். அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டீரிங் வந்தது. பீரோவை ஒட்டி அம்மாவின் சீட்டு. வாசற்படிக்கு உள்ளே படுக்கை. படியைத் தாண்டி, நடையில், அத்தை வீட்டு வாசல் வரைக்கும் மீன் பெட்டி. நடையின் அகலம் பற்றவில்லை. மிச்ச அரை அடியைச் சுவரில் ஏற்றி வரைந்தார். குடத்தோடு வந்த ஒரு பெண் கோட்டை மிதித்துவிட்டாள்.

"அம்மாடி, ஐஸ் மேல நடக்காதே, வயுக்கிடும்" என்றார் நைனா.

மாடி முழுவதும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. ஆளாளுக்கு யோசனை. டயரை எங்கே வரையப்போகிறாய் என்று கேட்டார் ஒருவர். எனக்கும் அன்றைக்கு ஒரே குஷி. ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நைனாவுக்கு உதவியாக ஓடிக்கொண்டிருந்தேன். பிற்பாடு வெட்கப்பட்டதை எல்லாம் சொல்லப்போகிறேன், அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அரைமணி நேரம் எனக்கு நைனாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

படுக்கைக்கு நீளம் பிரச்சினை இல்லை. வண்டியின் அகலம்தான் அதன் நீளம். அகலம்தான் கேள்வி. படுக்கைக்குக் கொடுக்கிற ஒவ்வொரு அடியும் மீனுக்குக் குறைகிற அடி. நைனா இரண்டரை அடி என்று கோடு போட்டார்.

"ரெண்டு போதும்யா. நாலு பெட்டி கொறையுதே" என்றாள் அம்மா.

"கொறஞ்சா கொறயட்டும். ஒருகளிச்சிப் படுக்க வேணாமா? உள்ள போய்ப் படுத்துப் பாருமே."

அம்மா சிரித்துக்கொண்டே கோட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவாக்கில் தலை உச்சியில் சுவரில் ஒரு கோடு. கொண்டை இடிக்காமல் இருக்க அதற்கு மேல் ஒரு சாண். பிறகு அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம்.

"கதவுக்குத் தாப்பா உள்ளாண்ட வேணும்."

"உள்ளாண்ட எதுக்குமே? நாந்தான் வண்டியில கீறேனே."

"நீ சரக்கு எறக்கப் போயிட்டா?"

நைனா எழுந்து, சுவரில் கதவு வருகிற இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு குறி போட்டார். பிறகு, "ரெண்டு போட்ரலாம். மேல ஒண்ணு, கீய ஒண்ணு" என்றார். ஒரு கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளா, எங்கள் வீட்டுக்கே ஒன்றுதானே இருக்கிறது என்று நான் சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அளவு பார்ப்பதற்காக அம்மா கோட்டுக்குள் காலை நீட்டிப் படுத்தாள். நைனா கால்மாட்டில் ஒரு குறி போட்டுவிட்டு, "இன்னாமே, சரியா கீதா?" என்றார். பதில் இல்லை. குனிந்து பார்த்தார். அம்மா தூங்கிவிட்டாள். பொய்த் தூக்கம் இல்லை. வாய் பிளந்து, குறட்டையோடு, அடித்துப் போட்ட தூக்கம். நைனா உதட்டில் விரல் வைத்து நடையிலிருந்தவர்களை எல்லாம் ஜாடை காட்டிக் கலைத்தார். குடத்துக்காரிகூடக் குடத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

அப்போதுதான் என் வகுப்புத் தோழி படியேறி வந்தாள்.

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண். பரீட்சைக்கு முன்னால் என் ரெக்கார்டு நோட்டை வாங்க வந்திருந்தாள். கீழே அவளுடைய அப்பா ஸ்கூட்டரில் காத்திருந்தார். அவள் மீன் பெட்டியின் நடுவே நடந்து, வாசற்படிக்கு வந்து, நின்றாள். அவள் காலடியில் என் அம்மா. கலைந்த சேலை, திறந்த வாய், முழங்கையில் ஒட்டிக் காய்ந்த ஒரு மீன் செதில். சுற்றிலும் வெள்ளைக் கோடு.

"உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல, அளவு எடுக்கிறோம். எங்க லாரியில பெட் கட்டப் போறோம்" என்றேன்.

"லாரியிலயா? அப்போ இந்த வீடு?"

அவள் கெட்டவள் இல்லை. பார்த்ததைத்தான் மறுநாள் வகுப்பில் சொன்னாள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மத்தியானத்துக்குள் அது வளர்ந்துவிட்டது. எங்கள் குடும்பமே லாரியில்தான் குடித்தனம் பண்ணப்போகிறதாம். ஒருத்தி, உண்மையிலேயே தெரிந்துகொள்கிற ஆர்வத்தோடு, "அப்போ பாத்ரூம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு ஹாரன் அடித்துக் காட்டினாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழுதிருப்பேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாக்பீஸ் கோடுகள் அப்படியேதான் இருந்தன. நைனா என்னைத் தூக்கி உட்காரவைத்து ஒரு பரிசு மாதிரி அந்தச் செய்தியைச் சொன்னார்.

"ஸ்கூலு தொறக்கற அன்னிக்கி உன்ன நம்ம வண்டியில குந்த வெச்சி, கேட்டாண்டயே கொண்டுபோய் வுடப்போறேன். இன்னா, சந்தோசமா?"

தலையாட்டிவைத்தேன். பள்ளிக்கூட வாசல், வரிசையாக ஸ்கூட்டர்கள், நடுவில் எங்கள் லாரி, அதன் ஜன்னலில் அம்மா மாட்டப்போவதாகச் சொன்ன பூப்போட்ட திரை, திரைக்குப் பின்னால் படுக்கை. அம்மா உள்ளே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பாள் என்றுகூடக் கற்பனை ஓடியது. என்னைப் பெற்றவளைப் பற்றித்தான் இப்படி நினைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா கிராஃப் ஷீட் வாங்கி வந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து, பென்சிலைச் சீவிக்கொண்டேன். அவர் தரையில் மண்டியிட்டு, கோடு கோடாக அளந்து சொல்ல, நான் எழுதிக்கொண்டு வந்தேன். கேபினுக்குப் பின்னாலிருந்து வால்வரை பன்னிரண்டடி. அதில் படுக்கை இரண்டரை, மீன் பெட்டி ஒன்பதரை. எல்லாம் குறித்துக்கொண்டதும், நைனா டீ குடிக்கக் கீழே போனார். அம்மா குழாயடியில் இருந்தாள்.

நான் இரண்டரை போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டேன். அது ஒன்றானால் மீன் பெட்டி பதினொன்று ஆக வேண்டும். அதையும் போட்டேன். கூட்டினால் பன்னிரண்டு சரியாக வந்தது. கணக்கில் நான் எப்போதும் கெட்டி.

ஒரு அடி அகலத்தில் யாரும் படுக்க முடியாது. பூப்போட்ட திரையும் வராது. ஒரு பலகை வரும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குள் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் 'ஷெல்ஃப்' என்று எழுதினேன்.

நைனா வந்து தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். இங்கிலீஷ் எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது இன்னா கண்ணு?" என்றார்.

"அதான் நைனா படுக்கை. இங்கிலீஷ்ல."

"படுக்கையா!" என்று அந்த ஐந்து எழுத்தையும் விரலால் ஒருமுறை தடவினார். எண்களை அவர் பார்க்கவில்லை. எண் அவருக்குத் தெரியும், ஆனால் அவற்றைச் சொன்னவரே அவர்தானே, எதற்குச் சரிபார்ப்பார்? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். கை ஈரமாக இருந்ததால் அம்மா தொடாமல் தள்ளி நின்று பார்த்தாள். "என்னிய எங்க வெச்சிகீற?" என்று கேட்டாள். நான் ஷெல்ஃபைக் காட்டினேன். அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள். நைனா கீழே கையெழுத்துப் போட்டார். பட்டறைக்குப் போகிற வழியில் துறைமுகத்தில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியதாக அத்தை சொன்னாள். "எம் பொண்ணு போட்டது, எல்லாம் இங்கிலீசு."

அந்தப் பேப்பர் பட்டறைத் தகரச் சுவரில் ஏறியது. தடைக்காலம் தொடங்கியது. நைனா கொச்சியிலிருந்து மீன் ஏற்றி வருகிற லாரியில் மாற்று டிரைவராகப் போய்விட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை வந்து பட்டறையைப் பார்த்தபோது அடிச்சட்டம்தான் போட்டிருந்தார்கள். அம்மா கருவாடு விற்கப் போனாள். பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் பார்ப்பேன் என்று ஏதோ வேண்டுதல் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் வேறொரு வேலையில் இறங்கியிருந்தாள். பஞ்சு வாங்கி வந்து மெத்தை தைத்தாள். மேலுறைக்குத் தன் பழைய சேலைகள் இரண்டை வெட்டினாள். அளவுக்கு எங்கும் போகத் தேவையில்லை. வாசற்படிக்கு உள்ளே தரையில் அந்தச் சாக்பீஸ் கோடு இருந்தது. மற்றக் கோடுகளைத் துடைத்துவிட்ட அம்மா, அதை மட்டும் துடைக்க விடவில்லை. வீட்டைக் கூட்டும்போது அத்தைகூட அதைச் சுற்றித்தான் கூட்டுவாள். இரண்டரை அடி.

ஒரு நாள் மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. அவள் கையில் ஊசி. என்னை எடுக்கச் சொன்னாள். மேஸ்திரி பேசினார்.

"யாரு, பாப்பாவா? நைனா போனு போவ மாட்டேங்குது. ஒண்ணுமில்ல, பேப்பர்ல முன்னால ஒரு அடின்னு போட்டுகீது. ஒரு அடிதானா? கரெக்ட்டா?"

அம்மா மெத்தையின் ஓரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தகடு வெட்டவில்லை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான் யோசிக்கவும் செய்தேன். ஆனால் 'அப்போ பாத்ரூம்?' என்ற குரல் காதில் கேட்டது.

"ஆமா, கரெக்ட்டுதான்" என்றேன்.

"இன்னாவாம்?" என்றாள் அம்மா.

"எல்லாம் ஒழுங்கா போகுதாம்."

"நல்லாருக்கட்டும்" என்று அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வண்டி எடுக்கிற நாள் வந்தது. பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. நைனா முந்தின நாளே வந்துவிட்டார். காலையில் அம்மா ஒயர் கூடையைக் காலி பண்ணினாள். துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்து, கழுவி, அடுப்பு மேடையில் கரண்டிகளோடு செருகிவைத்தாள். "இனிமே இது வூட்டுக்கே இருக்கட்டும். காய் அரியலாம்" என்றாள். சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழங்களில் ஒன்றை அறுத்துப் பார்த்தேன். நல்ல கூர்மை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் வழியெல்லாம் எதிரே வருகிற லாரிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். அம்மா ஆட்டோவில் சுருட்டிய மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பையில் திரை. மஞ்சளில் சின்னச் சின்னப் பூ.

வண்டி பளபளவென்று நின்றது. நைனா சுற்றிச் சுற்றி வந்தார். பின்கதவைத் திறந்து மூடினார். அம்மா நேரே கேபினில் ஏறினாள். மெத்தையையும் கூடவே இழுத்து ஏற்றிக்கொண்டாள். நான் கீழே நின்று அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, ஓரத்தில் அலுமினியப் பட்டி அடித்து, ரொம்ப அழகாகச் செய்திருந்தார்கள். அம்மா அதன் மேல் கையை வைத்தாள். கையை எடுக்காமலே, "மேஸ்திரி, தாப்பா எங்க?" என்றாள்.

"ஷெல்புக்கு எதுக்கும்மா தாப்பா?" என்றார் மேஸ்திரி.

நைனா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கட்டச் சொன்னது என்ன, கட்டி வைத்திருப்பது என்ன, மனுஷன் படுக்கிற இடமா இது என்று மேஸ்திரியின் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார். வெல்டிங் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். மேஸ்திரி அசையவில்லை. தகரச் சுவரிலிருந்து பேப்பரைப் பிய்த்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"இன்னா நைனா, என் மேல பாயற? நீயே பாரு. ஒண்ணுன்னு போட்டுகீதா இல்லியா? கீய உன் கையெய்த்து கீதா இல்லியா? வாயால நீ படுக்கைன்னுதான் சொன்னே. பேப்பர்ல ஒரு அடி கீது. ஒரு அடில பூனதான் படுக்கும். அதான் டவுட்டாயி போன் போட்டேன். உன் பொண்ணுதான் எடுத்துச்சி. கரெக்ட்டுன்னு சொல்லிச்சி. கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நைனா பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. புரியாமல் விழித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னதே எனக்குக் கேட்டது. "பெட்டி கூட ஏத்தலாம்னு அம்மாதான் ஒரு அடி போடச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

நைனா அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா கேபின் படியில், மெத்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். மெத்தையைத் தைத்தவள் அவள். கோட்டைத் துடைக்க விடாதவள் அவள். நான் சொன்னது பொய் என்பதற்கான சாட்சியை அவள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. உண்மையில் சில நொடிகள்தான் இருக்கும்.

"ஆமா" என்றாள். "நாந்தான் சொன்னேன். நாலு பெட்டி கூட ஏறும்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாமே?" என்றார் நைனா. குரல் இறங்கிவிட்டது. "உனக்காவத்தானே..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

மாற்றிக் கட்ட வழியில்லை. நடுத்தடுப்பைப் பிரித்தால் ஐஸ் உருகாமல் இருப்பதற்காக உள்ளே அடைத்த பஞ்சு, தகடு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், இன்னொரு மாதம் ஆகும் என்றார் மேஸ்திரி. அந்த வாரமே படகுகள் கரைக்கு வருகின்றன. எலுமிச்சம்பழத்தை வைத்து, சூடம் காட்டி, வண்டியை எடுத்தோம். கேபினில் மெத்தைக்கு இடமில்லை. அதைப் பின்னால் மீன் பெட்டிக்குள் போட்டார்கள். எங்கள் வண்டி ஏற்றிய முதல் சரக்கு அதுதான்.

பள்ளி திறந்த அன்று நைனா சொன்னபடி என்னை வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விடுமுறையில் ஒருத்தி கம்மல் மாற்றியிருந்தாள். எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். லாரிக் குடித்தனம் அவர்களுக்கு எப்போதோ மறந்து போயிருந்தது.

மெத்தை எனக்கு வந்தது. பாயில் படுத்துக்கொண்டிருந்தவள் அதன் பிறகு மெத்தையில் படுத்தேன். எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ப்ளஸ் டூ வரைக்கும் அதில்தான் தூங்கினேன், அதில்தான் குப்புறப் படுத்துப் படித்தேன். அம்மா ஏழு வருஷம் அந்தப் பலகைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சேலத்துக்குப் போய்வந்தாள். இப்போது வண்டியும் இல்லை, வியாபாரமும் இல்லை. கணுக்கால் இரண்டும் வீங்கி வீட்டோடு இருக்கிறாள். என் சம்பளத்தில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். அவளுக்கு அதில் தூக்கம் வருவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கண் சொருகுகிறது. பட்டறையில் நான் சொன்னதைப் பற்றி அம்மா இன்றுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கடைசிவரை அம்மாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அது புது வண்டியின் முதல் நடைக்கு அவர்கள் புறப்பட்ட சாயங்காலம். கீழே நைனா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா ஒயர் கூடையில் சேலையை வைத்தாள், துண்டை வைத்தாள், தண்ணீர் பாட்டிலை வைத்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி அடுப்பு மேடைக்கு வந்தாள். கரண்டிகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கத்தியை உருவி, பழைய துணியைத் தேடி எடுத்து, அதில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

நான் மெத்தையில் சாய்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தேன்.

"வூட்டுக்குன்னு சொன்னியே? இப்ப வெங்காயம் எதுல அரியறதாம்?" என்றேன்.

"அத்த வூட்ல வாங்கிக்கோ கண்ணு" என்றாள். கத்தியைக் கூடையின் அடியில் வைக்கவில்லை. கைக்கு எட்டுகிற மாதிரி மேலாக வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பெட்டி பெட்டியாக விற்கிறவளுக்கு அங்கே எந்த மீனை அரிய வேண்டியிருக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றாமல் அம்மா கத்தியைக் கொண்டுபோய்விட்டாள் என்று அத்தையிடம் போய்ப் புகார் சொன்னேன். அத்தை தன் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். அது மொட்டையாக இருக்கிறது என்று அதற்கும் முணுமுணுத்தேன்.